எந்த மீன் நல்ல மீன்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுடன் மீன் கடைக்குப் போன அனுபவம் உண்டா?

"முள் கம்மியா இருக்கிற மீனா கொடும்மா" என்பார் அப்பா. "தலை பெரிசா இருந்தாத்தான் குழம்பு ருசிக்கும்" என்று பாட்டி சொல்லி அனுப்பியிருப்பார். வறுப்பதற்கு நல்ல தடிமனான துண்டு வேண்டும் என்பது உங்கள் ஆசை. பக்கத்தில் நிற்கும் மாமாவோ, "விலை குறைச்சலா எது இருக்கு?" என்று கேட்பார்.

மீன்காரம்மா சிரித்துவிடுவார். "இத்தனையும் ஒரே மீன்ல வேணும்னா, நான் எங்கே சாமி போவேன்?"

இது வெறும் கடை வேடிக்கை இல்லை. 'நல்ல மீன் என்றால் எது?' என்ற இதே கேள்விதான் பெரிய பெரிய விஞ்ஞானிகளையும் திணற வைக்கிறது. மீன்காரம்மாவுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. இன்று பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு மீன் வாங்கி வந்து விற்கலாம். விஞ்ஞானிகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் தப்பாக முடிவெடுத்தால் பத்து வருடம் வீணாகிவிடும்! எப்படி என்று பார்ப்போமா?

குளத்துக்கு வந்த ஆற்று மீன்

அதிகமாகப் பால் கறக்கும் பசுவின் கன்றை வளர்ப்பது, நன்றாக விளைந்த கதிரை அடுத்த வருட விதைக்கு எடுத்து வைப்பது... இதெல்லாம் நம் தாத்தாவுக்குத் தாத்தா காலத்து வழக்கம். நல்ல பெற்றோரைத் தேர்ந்தெடுத்தால் நல்ல பிள்ளைகள் கிடைக்கும் என்பதுதான் இதன் ரகசியம். இதற்குத் 'தேர்வு இனப்பெருக்கம்' என்று பெயர்.

ஆனால் ரோகு, கட்லா, மிர்கால் போன்ற கெண்டை மீன்களில் இதைச் செய்ய முடியவில்லை. ஏன் தெரியுமா? இவை வட இந்தியாவின் பெரிய ஆறுகளில் வாழ்பவை. மழைக் காலத்தில், புது வெள்ளம் பாயும்போதுதான் முட்டையிடும். குளத்தில் விட்டால் கொழுகொழு என்று வளரும். ஆனால் குஞ்சு பொரிக்காது. அதனால் வலைகளோடு ஆற்றங்கரையில் காத்திருந்து, வெள்ளத்தில் வரும் குஞ்சுகளைப் பிடித்துத்தான் குளத்தில் விட்டார்கள். அப்பா யார், அம்மா யார் என்றே தெரியாத குஞ்சுகள். பிறகு எப்படிப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது?

1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி இந்தப் பூட்டு திறந்தது. ஒரிசாவில் (இன்றைய ஒடிசா) உள்ள அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வித்தை செய்தார்கள். மீனின் மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற குட்டிச் சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து எடுத்த சாற்றைச் சினை மீனுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். 'முட்டையிடும் நேரம் வந்துவிட்டது' என்று மீனின் உடம்பு நம்பியது. முட்டையும் இட்டது! அந்த நாளைத்தான் இன்று 'தேசிய மீன் வளர்ப்போர் தினம்' என்று கொண்டாடுகிறோம்.

இப்போது எந்த அம்மா, எந்த அப்பா என்று நாமே முடிவு செய்யலாம். சரி, எதைப் பார்த்து முடிவு செய்வது?

ஜெயந்தி வந்த கதை

புவனேஸ்வரம் பக்கத்தில் கௌசல்யாகங்கா என்ற இடத்தில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சுருக்கமாக 'சிஃபா' என்பார்கள். 1992-ல் இங்கே ரோகு மீனை மேம்படுத்தும் வேலை தொடங்கியது. இதற்குத் துணையாக வந்தவர்கள் எங்கேயோ பனிப்பிரதேசத்தில் இருக்கும் நார்வே நாட்டு விஞ்ஞானிகள். காரணம் இருக்கிறது. 1970-களிலேயே சால்மன் மீனில் இந்த வேலையைத் தொடங்கி வெற்றி பெற்றவர்கள் அவர்கள்.

கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்து ரோகு மீன்களைக் கொண்டு வந்தார்கள். பண்ணையில் ஏற்கெனவே இருந்த ரோகுவும் சேர்ந்துகொண்டது. ஏன் இத்தனை ஆறுகள்? ஒரே குடும்பத்து மீன்களையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் குஞ்சுகள் நோஞ்சானாகிவிடும். பல ஊர் மீன்கள் இருந்தால் பலவிதமான குணங்களும் கிடைக்கும்.

ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளையும் தனித்தனிக் குட்டையில் வளர்த்தார்கள். கொஞ்சம் பெரிதானதும் ஒவ்வொரு மீனின் உடம்புக்குள்ளும் அரிசி அளவுள்ள ஒரு சிப்பைச் செலுத்தினார்கள். கருவியைக் காட்டினால் மீனின் எண் தெரியும். உங்கள் பள்ளி அடையாள அட்டை மாதிரிதான்! அதன் பிறகு எல்லா மீன்களையும் ஒரே குளத்தில் விட்டு வளர்த்தார்கள். எந்தக் குடும்பம் நன்றாக வளர்கிறதோ, அதிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் அவர்கள் பார்த்தது ஒரே ஒரு குணத்தைத்தான். வேகமான வளர்ச்சி! தலைமுறைக்குச் சராசரியாகச் சுமார் 17 சதவீதம் கூடுதல் வளர்ச்சி கிடைத்தது.

'ப்பூ, 17 தானா?' என்று நினைக்கிறீர்களா? பென்சிலை எடுங்கள். 100 கிராமில் தொடங்குங்கள். அடுத்த தலைமுறை 117. அதில் 17 சதவீதம் சேர்த்தால் 137. அடுத்து 160. பிறகு 187. ஐந்தாவது தலைமுறையில் 219! இரண்டு மடங்குக்கும் மேல். வங்கியில் போட்ட பணம் வட்டிக்கு வட்டி போட்டு வளர்கிற மாதிரி.

1997-ல் இந்த மீன் விவசாயிகளுக்குக் கிடைத்தது. இந்தியா சுதந்திரம் பெற்ற 50-வது ஆண்டு அது. அதனால் 'ஜெயந்தி ரோகு' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள்.

ஒன்று கவனித்தீர்களா? ரோகு குஞ்சு வளர்ந்து தாயாக ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஐந்து தலைமுறை என்றால் பத்து வருடம். பத்து வருடம் பாடுபட்டுவிட்டு, "ஐயோ, விவசாயிகளுக்குத் தேவைப்பட்டது இது இல்லையே!" என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து படிக்கச் சொன்ன மாதிரி இருக்காதா?

எல்லாமே வேண்டும் என்றால்?

'வேகமாகவும் வளரட்டும், நோயும் வராமல் இருக்கட்டும், தீவனமும் குறைவாகச் சாப்பிடட்டும், பார்க்கவும் பளபளப்பாக இருக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான்!

உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். வேகமாக ஓடுகிற 10 பேரை அழையுங்கள். ஓட்டப்பந்தய அணி தயார். இப்போது, "அவர்கள் நன்றாகப் பாடவும் வேண்டும்" என்று சொல்லுங்கள். அந்தப் பத்து பேரில் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். "ஓவியமும் வரைய வேண்டும்" என்றால் ஒருவர் மிஞ்சினாலே அதிசயம். அணியை நிரப்ப வேண்டுமென்றால், கொஞ்சம் மெதுவாக ஓடுகிறவர்களையும் சேர்க்க வேண்டியதுதான்.

மீனிலும் இதேதான். குணங்களின் பட்டியல் நீள நீள, ஒவ்வொரு குணத்திலும் கிடைக்கும் முன்னேற்றம் குறைந்துகொண்டே போகும். அதனால் எது முதலில், எது அடுத்து என்று வரிசை போட்டே ஆக வேண்டும்.

நார்வேக்காரர்கள் சால்மனில் போட்ட வரிசையைப் பாருங்கள். 1975-ல் வளர்ச்சி. 1981-ல் சீக்கிரம் பருவமடையாத தன்மை. சீக்கிரம் பருவமடையும் சால்மனின் சதை தரம் குறைந்துபோகும், அதனால்தான் இது. 1993-ல் நோய் எதிர்ப்பு. 1994-ல் சதையின் நிறம். ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தார்கள்.

ஜெயந்தி ரோகுவுக்கும் இரண்டாவது குணம் சேர்ந்தது. ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற பாக்டீரியா கெண்டை மீன்களைத் தாக்கிக் கொத்துக்கொத்தாகக் கொன்றுவிடும். அதைத் தாங்கும் குடும்பங்களைத் தேட ஆரம்பித்தார்கள். இதில் ஒரு சிக்கல். நோய் கொடுத்துப் பார்த்த மீனை மறுபடி பண்ணையில் சேர்க்க முடியாது. அதனால் ஒரே குடும்பத்து மீன்களில் சிலவற்றுக்கு மட்டும், தனித் தொட்டியில் வைத்து நோயைக் கொடுத்தார்கள். எந்தக் குடும்பத்து மீன்கள் அதிகமாகப் பிழைத்தனவோ, அந்தக் குடும்பத்தில் நோய் கொடுக்கப்படாத அண்ணன் தம்பி, அக்கா தங்கை மீன்களைப் பெற்றோராகத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல யோசனை, இல்லையா?

யாரிடம் கேட்பது?

வரிசையை யார் போடுவது? ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களே போட்டுவிடலாம். எந்தக் குணத்தால் எத்தனை ரூபாய் லாபம் என்று கணக்குப் போட்டும் முடிவு செய்யலாம். ஆனால் ருசிக்கு எத்தனை ரூபாய்? 'மழை பொய்த்த வருடத்திலும் என் மீன் செத்துப்போகாது' என்ற நிம்மதிக்கு எத்தனை ரூபாய்? இதையெல்லாம் ரூபாய்க் கணக்கில் அடக்குவது கஷ்டம்.

அதனால், மீன் வளர்ப்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்று சில விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். "உங்களுக்கு எப்படிப்பட்ட மீன் வேண்டும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "எல்லாமே வேணும் சார்!" மீன் கடையில் நடந்த அதே கதை!

இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்காமல், இரண்டு இரண்டாகக் கேட்க வேண்டும். "வேகமாக வளரும் மீனா, சாகாமல் பிழைக்கும் மீனா? ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது?" அடுத்து, "வேகமாக வளரும் மீனா, தீவனத்தை மிச்சப்படுத்தும் மீனா?" இப்படியே ஒவ்வொரு ஜோடியாகக் கேட்பார்கள். எது முக்கியம் என்று சொன்னதும், எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்பெண்ணும் போடச் சொல்வார்கள். எல்லாப் பதில்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரிசை தானாக வந்துவிடும். 1970-களில் தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர் உருவாக்கிய முறை இது.

இதில் இன்னொரு வேடிக்கை. மாம்பழத்தைவிடப் பலா பிடிக்கும், பலாவைவிட வாழை பிடிக்கும், ஆனால் வாழையைவிட மாம்பழம் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் எப்படி? குழப்பம்தானே! இந்த முறை அந்தக் குழப்பத்தையும் கண்டுபிடித்துக் காட்டிவிடும்.

குளிர்ந்த நீரில் வளரும் வானவில் டிரவுட் மீனை வளர்ப்பவர்களிடம் இப்படிக் கேட்ட ஒரு ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பல நாட்டுப் பண்ணையாளர்கள் பதில் சொன்னார்கள். வளர்ச்சி, பிழைத்திருத்தல், தீவனத்தை நன்றாகப் பயன்படுத்துதல் ஆகிய மூன்றும் முன்னணியில் வந்தன. உடல் வடிவம், எலும்பு நீக்கிய சதையின் அளவு, தாமதமாகப் பருவமடைதல் போன்றவையும் பட்டியலில் இருந்தன. கென்யாவில் திலேப்பியா வளர்க்கும் சிறு விவசாயிகளிடம் கேட்ட ஆய்வு 2016-ல் வந்தது.

ஆனால் எல்லாரும் ஒரே வரிசையைச் சொல்லவில்லை! மீனை எங்கே வளர்க்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பதைப் பொறுத்து விருப்பமும் மாறியது.

மூன்று குளம், மூன்று விருப்பம்

ஏன் மாறுகிறது? நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ரோகுவை கட்லா, மிர்காலுடன் சேர்த்து ஒரே குளத்தில் வளர்க்கிறார்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். சண்டையே வராது. இதற்குக் கூட்டு மீன் வளர்ப்பு என்று பெயர்.

ஒருவர் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்தால் தண்ணீர். கோடை வந்தால் வறண்டுவிடும். தண்ணீர் இருக்கும் சில மாதங்களுக்குள் மீன் விற்கும் எடைக்கு வர வேண்டும். அவர் என்ன கேட்பார்? "வேகமா வளரணும்!"

இன்னொருவர் போர்வெல் போட்டுக் குட்டை வைத்திருக்கிறார். தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் வாங்கியே கை கடிக்கிறது. அவர், "தீவனம் மிச்சமாகணும்" என்பார்.

மூன்றாமவர் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குட்டை வைத்திருக்கும் அக்கா. கடன் வாங்கி மீன்குஞ்சு விட்டிருக்கிறார். நோய் வந்து பாதி செத்தால் அந்த வருடப் படிப்புச் செலவுக்குப் பணம் இருக்காது. அவர், "மெதுவா வளர்ந்தாலும் பரவாயில்லை, சாகாம இருக்கணும்" என்பார்.

மூவரில் யார் சொல்வது தப்பு? யாருமே இல்லை!

இங்கேதான் விஞ்ஞானிகள் கவனமாக இருக்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர்களிடம் மட்டும் போய்க் கேட்டால் அந்த அக்காவின் குரல் காதில் விழாது. ஆண்களிடம் மட்டும் கேட்டால், மீனை ஆய்ந்து, சமைத்து, விற்கும் பெண்களுக்குத் தெரிந்த விஷயம் தெரியாமல் போகும். கை தூக்கச் சொல்லி எண்ணினாலும், பெரும்பான்மையின் விருப்பம் ஜெயிக்கும். குறைவாக இருப்பவர்களுக்குப் பொருந்தாத மீன் வந்து சேரும். அதனால் எல்லாருக்கும் ஓரளவு ஒத்துப்போகும் நடுவழியைத் தேடுவார்கள். விருப்பங்கள் ரொம்பத் தூரமாக இருந்தால், இரண்டு வகை மீன்களைத் தனித்தனியாக உருவாக்கலாமா என்றும் யோசிப்பார்கள். அதற்குச் செலவும் இரண்டு மடங்கு ஆகும்!

இன்னொரு விஷயம். நல்ல தண்ணீரும் நல்ல தீவனமும் உள்ள ஆராய்ச்சிக் குளத்தில் முதலிடம் பிடித்த மீன், வசதி குறைந்த குளத்திலும் முதலிடம் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஜெயந்தி ரோகுவைப் பல மாநிலங்களின் குளங்களில் விட்டுச் சோதித்துப் பார்த்தார்கள்.

கேட்டால் மட்டும் போதுமா?

விவசாயி கேட்கும் எல்லாவற்றையும் தேர்வு இனப்பெருக்கத்தால் கொடுத்துவிட முடியுமா? முடியாது. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, அந்தக் குணம் மீனுக்கு மீன் வேறுபட வேண்டும். எல்லா மீனும் ஒரே மாதிரி இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். நிறையத் தீனி போட்டதால் மட்டும் குண்டான மீனின் குஞ்சு, தானாகக் குண்டாகப் பிறக்காது.

மூன்று, அதை அளந்து பார்க்க முடிய வேண்டும். எடையைத் தராசில் போட்டு அளக்கலாம். ருசியை எதில் போட்டு அளப்பது? வெட்டிச் சமைத்துப் பார்த்த மீன் பெற்றோராக முடியாதே!

சில நேரம் குறை மீனிடமே இருக்காது. "குஞ்சு விட்ட மறுநாளே செத்துப்போச்சு" என்று ஒருவர் சொல்கிறார். விசாரித்தால், வெயில் நேரத்தில் ஒரே பையில் அளவுக்கு மேல் குஞ்சுகளை அடைத்துக் கொண்டு வந்திருப்பார்கள். அதற்குப் புது மீன் எதற்கு? காலை நேரத்தில், போதுமான ஆக்ஸிஜனோடு கொண்டு வந்தாலே போதும். காதுகொடுத்துக் கேட்டால்தான் இந்த வித்தியாசம் புரியும்.

நீங்களே செய்து பாருங்கள்!

ஒரு தாளில் நான்கு குணங்களை எழுதுங்கள்: வேகமாக வளர்வது, சாகாமல் பிழைப்பது, தீவனத்தை மிச்சப்படுத்துவது, பார்க்க அழகாக இருப்பது. இரண்டு இரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடி வரும்? ஆறு! ஊரில் மீன் வளர்ப்பவர் இருந்தால் அவரிடம் ஆறு ஜோடியையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஜெயித்த குணத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள். கடைசியில் கூட்டிப் பாருங்கள்.

நகரத்தில் இருக்கிறீர்களா? மீன் வாங்குபவர்களுக்கு வேறு பட்டியல் போடுங்கள்: முள், ருசி, விலை, துண்டின் அளவு. அம்மா, அப்பா, பாட்டி, மீன்காரம்மா நால்வரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் பதிலை இன்னொருவர் பார்க்கக் கூடாது, சரியா? நான்கு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை. 'பாட்டி இதைத்தான் முதலில் சொல்வார்' என்று நீங்கள் நினைப்பதை ரகசியமாக எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். எத்தனை தப்பு? தினமும் கூடவே இருக்கும் பாட்டியின் மனசே நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால், எங்கோ தூரத்தில் குளத்தங்கரையில் நிற்கும் விவசாயியின் மனசு கேட்காமல் எப்படித் தெரியும்?

மீன் பேசாது. மீன் வளர்ப்பவர் பேசுவார். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், பத்து வருட உழைப்பு அவருடைய குளத்தில் துள்ளும்!